மருந்து வாடையும் தேயிலைப் பெட்டியும்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்கு வெளியே இப்போது 'சப்ளை செயின்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நான் இருந்த காலத்தில் அதே அறைக்குச் 'சரக்கு ஆபீஸ்' என்றுதான் பெயர். பலகையெல்லாம் கிடையாது. சரக்கு வரவில்லையென்றால் முதலாளி எந்த அறையைப் பார்த்துக் கத்துகிறாரோ, அதுதான் சரக்கு ஆபீஸ்.

சிவகாசியில் இந்த அச்சகத்தின் சரக்கு ஆபீஸைப் பார்த்துக்கொண்ட முதல் பெண் நான். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அட்டையும் மையும் பசையும் நேரத்துக்கு வந்து சேர வேண்டும், அச்சடித்த பெட்டிகள் நேரத்துக்கு லாரி ஏற வேண்டும். இரண்டும் என் பொறுப்பு. ஒரு பொம்பளைக்கு லாரிக்காரனைச் சமாளிக்கத் தெரியுமா என்று கேட்டவர்கள் எல்லோரும், பிறகு லாரி வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்து நின்றார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் உள்ளூர் கம்பெனி எப்படி, உலகக் கம்பெனி எப்படி என்று கேட்டு எழுதச் சொன்னீர்கள். எனக்கு வகைப்படுத்தி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஆதியில் எல்லா ஆர்டரும் பட்டாசு கம்பெனிகள்தான். சீசன் தொடங்கும்போது போன் வரும். "அக்கா, போன வருசம் மாதிரியே போடுங்க. கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டும்" என்பார் ஒருவர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. கேட்டால், "இம்புட்டு நாள் பழகி இதுகூடத் தெரியலையா" என்று வருத்தப்படுவார். குரலை வைத்துத்தான் கணக்கு. குரலில் துள்ளல் இருந்தால் வடநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது என்று அர்த்தம், தாராளமாக அடிக்கலாம். பேச்சை இழுத்தால் நாமும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கில் நான் அதிகம் தவறியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் எல்லோர் கைக்கும் வரத் தொடங்கிய சமயத்தில், ஒரு வெளிநாட்டுத் தேயிலைக் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. கொச்சியில் அவர்களுக்குத் தேயிலை அடைக்கும் ஆலை. அதற்கு அட்டைப் பெட்டி வேண்டும். அதற்கு முன்னால் நாங்கள் ஒரு நீளமான கேள்வித்தாளுக்குப் பதில் எழுத வேண்டும். அட்டை எந்த மில், எந்த நாளில் செய்தது, எந்த லாரியில் வந்தது, எங்கே வைத்திருந்தோம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஜாதகத்தில் அவ்வளவு துருவ மாட்டார்கள். அவர்கள் அட்டைக்குப் பிறந்த நேரம் வரைக்கும் கேட்டார்கள். அதில் ஒரு கேள்வி: மில்லிலிருந்து சரக்கு வராமல் போனால் மாற்று ஏற்பாடு என்ன? நான் அடுத்த தெருவில் இருந்த எங்கள் போட்டி அச்சகத்தின் பெயரை எழுதி அனுப்பினேன்.

மறுநாளே கொச்சியிலிருந்து போன். பேசியவர் அவர்களுடைய தர அதிகாரி பிரகாஷ். சென்னைக்காரர், இளைஞர், மரியாதையான பிள்ளை.

"மேடம், நீங்க உங்க போட்டி கம்பெனி பெயரை எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அவங்கதான் எங்க மாற்று ஏற்பாடு."

"கேள்வி புரிஞ்சுதுதானே மேடம்?"

கேள்வி நன்றாகவே புரிந்தது. பதில்தான் அவருக்குப் புரியவில்லை. அதை 'கைமாத்து' என்று சொல்லுவோம். எங்களுக்கு அட்டை தீர்ந்தால் அடுத்த தெரு அண்ணாச்சி தன் குடோனைத் திறந்து கொடுப்பார். எங்கள் லோடு வந்ததும் அதே ரக அட்டையைத் திருப்பி இறக்கிவிடுவோம். பில் கிடையாது, எழுத்து கிடையாது. ஆர்டர் பிடிப்பதில் அவரும் நாங்களும் கீரியும் பாம்புமாக இருப்போம். ஆனால் மிஷின் நிற்கிறது என்று தெரிந்தால் யாரும் கை விரிக்க மாட்டார்கள். இந்த ஊர் மழையை நம்பிப் பிழைத்த ஊர் இல்லை, ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பிழைத்த ஊர். அதைக் கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடைசியில் பிரகாஷ் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, நான்கு வாரத்துக்கான அட்டையை முன்கூட்டியே வாங்கி வைப்போம் என்று எழுதச் சொன்னார். எழுதினோம், ஆர்டர் கிடைத்தது.

அந்த ஆர்டர் யாருக்கு என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சடித்து வெட்டிய அட்டையைப் பெட்டியாக ஒட்டும் வேலை தாயில்பட்டியில் ஒரு கொட்டகையில் நடந்தது. அங்கே ஒட்டுகிற பெண்களுக்குப் பொறுப்பாக இருந்தவள் பேச்சியம்மாள். அதற்கு முன்னால் பட்டாசு ஆலையில் மருந்து ரூமில் வேலை பார்த்தவள். மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்து. அவளுடைய அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஒரு நாள் அக்கா இருந்த ரூம் வெடித்தது. பேச்சியம்மாள் அடுத்த ரூமில் இருந்தாள். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டாசுப் பெட்டி ஒட்டுவது சீசனோடு முடிந்துவிடும். தேயிலைப் பெட்டி அப்படி இல்லை, ஊரில் ஜனங்கள் டீ குடிக்கிற வரைக்கும் உண்டு. அது வந்த பிறகுதான் பேச்சியம்மாளும் அவளைப் பார்த்து இன்னும் ஒரு வேன் நிறையப் பெண்களும் மருந்து ரூமை விட்டு நிரந்தரமாக வெளியே வந்தார்கள். "அக்கா, இனி அந்தப் படி ஏற மாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் சீசன் உச்சத்தில் என் மகளுக்குப் பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்தான் கோயம்புத்தூருக்குப் போக வேண்டியதாயிற்று. சீசனில் லீவு கேட்ட முதல் ஆள் நான். முதலாளி என்னை ஏதோ நாடு கடந்து போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் வேலையை மாரியப்பன் பார்த்துக்கொண்டான், கெட்டிக்காரன்.

பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அச்சகத்துக்கு வந்தேன். கேட்டருகே கொச்சி லாரி நின்றது. தேயிலைப் பெட்டி பாதி ஏறியிருந்தது. பக்கத்தில் போனதும் எனக்கு மூக்கில் சுரீர் என்றது.

"ஏலே மாரியப்பா, என்னடா வாடை இது?"

"என்ன வாடைக்கா? சாப்பாட்டுக் கடையில தாளிக்கிறாக."

"தாளிப்பு இல்லடா. கந்தக வாடை. பெட்டியிலருந்து வருது."

அவன் பெட்டியை முகர்ந்தான். திருப்பிப் போட்டு முகர்ந்தான். "ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றான். லோடு ஏற்றியவர்களைக் கூப்பிட்டேன், மிஷின்காரர்களைக் கூப்பிட்டேன், ஆபீஸில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். வரிசையில் நின்று ஆளுக்கொரு பெட்டியை முகர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெளியூர்க்காரராயிற்றே என்று கொச்சி லாரி டிரைவரிடம் நீட்டினேன். அவர் தும்மிவிட்டு, தனக்கு ஜலதோஷம் என்று சைகை காட்டினார்.

விசாரித்தால் விஷயம் இதுதான். மில் லோடு தாமதமாகிவிட்டது. வாங்கி வைத்திருந்த நான்கு வார அட்டையை ஒரு பட்டாசுக் கம்பெனியின் அவசரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மாரியப்பன் வழக்கம்போல அண்ணாச்சியிடம் கைமாத்து வாங்கியிருக்கிறான். அதே மில், அதே ரகம், நல்ல அட்டைதான். ஆனால் சீசன் நெரிசலில் அண்ணாச்சி அந்த அட்டையைத் தன் தம்பியின் பழைய கொட்டகையில் அடுக்கியிருந்தார். அந்தத் தம்பிக்குப் பட்டாசு ஆலை. முன்பு கந்தக மூட்டை கிடந்த கொட்டகை அது. கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் அடுக்கியிருக்கிறார்கள். அட்டை அந்த வாடையை உறிஞ்சிக்கொண்டது.

இதில் மாரியப்பன் மேல் தவறில்லை. எங்கள் ஊரில் யார் மூக்குக்கும் அந்த வாடை எட்டாது. அதிலேயே பிறந்து, அதிலேயே சோறு தின்று, அதையே துணியோடு துவைத்து உலர்த்துகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கோயம்புத்தூரில் இருந்து வந்ததால் மூக்கு கழுவி வைத்ததுபோல இருந்தது, அவ்வளவுதான்.

முதலாளியிடம் போனேன். லோடை நிறுத்த வேண்டும் என்றேன்.

"ஏம்மா, எங்க யாருக்கும் வராத வாடை உங்களுக்கு மட்டும் வருதா?"

"வருது முதலாளி. தேயிலை இதுல கிடந்தா வாடையைப் பிடிச்சுக்கும். குடிக்கிறவன் வாயில வைக்க மாட்டான்."

நிரூபிக்கிறேன் என்று ஒரு பெட்டியில் தேயிலைத் தூளைப் போட்டு மூடி வைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அதில் டீ போட்டு அவருக்குக் கொடுத்தேன். ருசித்துக் குடித்துவிட்டு, "சீனிதான் கொஞ்சம் பத்தலை" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதைவிடப் பயம் வேறொன்று. மறுபடியும் பெட்டியை முகர்ந்து பார்த்தபோது வாடை லேசாகத்தான் வந்தது. பெட்டி மாறவில்லை. என் மூக்கு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. விடிந்தால் எனக்கே ஒன்றும் தெரியாது, அப்புறம் நானே லோடை அனுப்பச் சொல்லிவிடுவேன். இப்போதே முடிவெடுத்தால்தான் உண்டு.

அதற்குள் செய்தி தாயில்பட்டிக்கு எட்டிவிட்டது. பேச்சியம்மாள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். மூச்சு வாங்க எதிரே நின்றாள்.

"அக்கா, லோடை நிப்பாட்டச் சொன்னீகளாமே. எனக்கும் ஒரு வாடையும் தெரியல. ஆர்டர் போச்சுன்னா எங்க கதி என்ன? இவளுக எல்லாம் திரும்ப மருந்து ரூமுக்குத்தான் போகணும். நானும்தான்."

அவள் சொன்னது பொய்யில்லை. நிறுத்தினால் ஆர்டர் போனாலும் போகும். ஆனால் இந்த லோடு போய், தேயிலை கெட்டு, அந்தப் பெட்டி சிவகாசியிலிருந்து வந்தது என்று தெரிந்தால், ஆர்டர் போவது நிச்சயம். அதோடு நிற்காது. இந்த ஊரிலிருந்து இனி எந்தக் கம்பெனியும் சாப்பிடும் பொருளுக்குப் பெட்டி வாங்காது.

"பேச்சி, நிறுத்தினா ஒரு லோடு போகும். அனுப்பினா உன் வேலை போகும். என்னை நம்புதியா?"

அவள் லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாரியப்பனைக் கூப்பிட்டு, "இறக்குங்கப்பா" என்றார். என் முப்பது வருஷ உத்தியோகத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக வேறொன்றை நான் வைக்க மாட்டேன்.

அவர் அறையிலிருந்தே கொச்சிக்குப் போன் போட்டேன். பெட்டியில் வாடை இருக்கிறது, அனுப்பவில்லை என்றேன். "நாங்க கண்டுபிடிக்கலையே மேடம், நீங்களாவே சொல்றீங்களா?" என்றார் பிரகாஷ். பிறகு அவருடைய கஷ்டத்தைச் சொன்னார். அவர்கள் ஆலையில் கையிருப்பு வைப்பது வழக்கமில்லை, நான்கைந்து நாளைக்குத்தான் பெட்டி இருந்தது. வேறு அட்டைக்குச் சம்மதம் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. மும்பைக்கு எழுத வேண்டும், மும்பைக்காரர் வெளிநாட்டுக்கு எழுதுவார், அங்கே அன்று விடுமுறை. எங்கள் முதலாளி ஒரே வார்த்தையில் முடித்ததை முடிக்க அந்தக் கம்பெனிக்கு மூன்று ஊர் வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் பிரகாஷ். அதே மில்லின் அட்டை, மில் கட்டிய கட்டு பிரிக்காமல், வேறு எங்கும் இறக்காமல் நேரே வந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மில்லைக் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். அந்தச் சீசனில் மில் லோடு யாருக்காவது வழியில் இருக்குமென்றால், அது அண்ணாச்சிக்குத்தான் இருக்கும். அவரிடமே போக வேண்டியதாயிற்று. உங்கள் அட்டை நாறுகிறது என்று சொல்லிவிட்டு, உங்கள் அடுத்த லோடைக் கொடுங்கள் என்று கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"என் அட்டையா நாறுது? யாருகிட்ட வந்து பேசுதீக?"

"உங்ககிட்டத்தான் அண்ணாச்சி. வேற யாருகிட்டப் போய் உரிமையாச் சொல்ல முடியும்?"

பக்கத்திலிருந்த அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு சிரித்துவிட்டார். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். சாம்பிராணி போட்டாக்கூடத் தெரியாது" என்றார். போனை எடுத்தார். அவருடைய லோடு மதுரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அது அவர் பட்டாசுப் பெட்டிக்கு வைத்திருந்த அட்டை. தீபாவளிக்கு முன்னால் அந்த அட்டையின் அருமை என்னவென்று எனக்குத் தெரியும். லாரிக்காரரிடம், "ஏம்ப்பா, நம்ம வீட்டுக்கு வராத. அக்கா சொல்லுத இடத்துக்கு வண்டியை விடு" என்றார்.

அட்டை லாரியிலிருந்து நேரே மிஷினுக்குப் போனது. அச்சாயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஒட்டுகிற கொட்டகை தாயில்பட்டியில் இருக்கிறது, நாலு பக்கமும் பட்டாசு ஆலை. விருதுநகரில் குடோன் பார்க்கலாம் என்றால், அங்கே எல்லாக் குடோனிலும் மல்லியும் வத்தலும். மூக்கை வைத்துப் பார்த்தால் எங்கள் மாவட்டத்தில் தேயிலைக்கு இடமே இல்லை போலிருந்தது. புரட்டாசி மாசம், கல்யாணம் கிடையாது. விருதுநகரில் எனக்குத் தெரிந்த கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. சாவியை வாங்கினேன். வேலைக்குக் கட்டாத சேலையைக் கட்டிக்கொண்டு வர வேண்டும், தலையில் பூ கூடாது என்று பேச்சியம்மாளிடம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. இறங்குகிறார்கள், எல்லோரும் பட்டுச் சேலை! வேலைக்குக் கட்டாத சேலை என்றால் அவர்களிடம் அதுதானே இருக்கும். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்ததால் பாச்சா உருண்டை வாடை வேறு, அது என் மூக்குக்கும் எட்டியது. ஒவ்வொருவரையும் வெயிலில் நிறுத்தி, உலர்த்தி, முகர்ந்து முகர்ந்து உள்ளே அனுப்பினேன். "கல்யாணப் பொண்ணு எங்கக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். மண்டபமே சிரித்தது. பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படியில் பசை வாளியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து கொச்சியிலிருந்து பிரகாஷ் வந்து இறங்கினார். மணமேடைக்குக் கீழே பட்டுச் சேலையில் வரிசையாக உட்கார்ந்து தேயிலைப் பெட்டி ஒட்டும் பெண்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். நிறுத்தி வைத்திருந்த பழைய பெட்டியில் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். முகத்துக்கு அருகே கொண்டுபோனவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயோ மேடம், இது வத்திப்பெட்டி வாடை!" பக்கத்தில் நின்ற மாரியப்பன் வாயைப் பிளந்தான். அந்தக் கணம் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். என் மூக்கு எனக்கு மட்டும் சொன்னதை ஊரறியச் சொல்ல ஒரு ஆள் வந்துவிட்டார். புதுப் பெட்டியை முகர்ந்தார். பசை காயும் வாடைதான் இருந்தது. பேச்சியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

போகும்போது பிரகாஷ் கேட்டார், "உங்க போட்டியாளர் சீசன்ல தன் லோடைக் கொடுத்தார். அவரோட உங்களுக்கு என்ன ஒப்பந்தம் மேடம்?"

"நாளைக்கு அவருக்கு முட்டினா நாங்க கொடுப்போம் சார்."

"அது எங்க எழுதியிருக்கு?"

"எழுதினா அது கைமாத்து இல்லையே."

அவர் சிரித்துவிட்டு, அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று புலம்பிக்கொண்டே போனார். ஆனால் எழுதினார். கொச்சியில் ஒரு நாள் கொஞ்ச நேரம் மிஷின் நின்றதாம். அதைச் சொல்லிக் காட்டினார்களே தவிர ஆர்டரை எடுக்கவில்லை. தானாகவே வந்து குறையைச் சொன்ன அச்சகம் என்று எங்களுக்கு அவர்களிடம் ஒரு பெயர். அடுத்த வருஷம் இன்னொரு ரகத் தேயிலைக்கும் பெட்டி கேட்டார்கள். விருதுநகர் ரோட்டில், பட்டாசு ஆலை எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, தேயிலைப் பெட்டிக்கென்றே தனிக் கொட்டகை போட்டோம். நீங்கள் இப்போது தேயிலைப் பெட்டி லோடு பார்க்கப் போகிற கட்டடம் அதுதான்.

உங்களிடம் ஒன்று சொல்வேன். அட்டைக்கு ஜாதகம் கேட்கிறார்கள் என்று அவர்களை நான் கேலி செய்தேன். அந்தச் சரக்கு எங்கே கிடந்தது என்ற ஒரு கேள்விக்குள் எங்கள் உயிரே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதேபோல, ஆபத்தில் ஒரு லாரியின் தலையைத் திருப்ப அவர்களுடைய எந்தத் தாளாலும் முடியவில்லை, அண்ணாச்சியின் ஒரு போனால் முடிந்தது. கேள்வித்தாளையும் ஒழுங்காக எழுதுங்கள். அடுத்த தெருக்காரரையும் பார்த்தால் நின்று பேசுங்கள். இரண்டில் ஒன்று போதும் என்று நினைக்கிறவர் இந்த நாற்காலிக்கு லாயக்கில்லை.

பேச்சியம்மாள் புதுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தாள். சில வருஷம் போயிற்று. ஒரு நாள் காலை அந்தக் கொட்டகையில் மில் லோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாரியப்பன் தாளைப் பார்த்தான், எல்லாம் சரி. சிவகாசி ஆபீஸிலிருந்து வந்திருந்த நானும் சரி என்று கையெழுத்துப் போடப் போனேன். அப்போது அட்டைக் கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பேச்சியம்மாள் மூக்கைச் சுளித்தாள். குனிந்து முகர்ந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதுல மருந்து வாடை அடிக்குது."

நானும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. பேனாவை மூடிவிட்டு, லோடை நிறுத்தச் சொன்னேன்.